மாடி 0, கீழ்வீடு 1

பவானியில் எங்கள் வீட்டு மாடிப்படிகள் மொத்தம் 17. சென்ற ஆவணி முகூர்த்தங்களின்போது ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அந்தப் படிகளில் நாளொன்றுக்குப் பத்து முறையாவது ஏறி இறங்கியது. ஒரு நாள் அது தானாகவே இறங்கியது. ஏழாவது படியிலிருந்து விழுந்த அந்தப் பெட்டியை எடுத்துக் காதருகில் வைத்தபோது 'டிக் டிக்' என்று கேட்டது. அதற்குப் பிறகு எந்தக் கணினியும் அதை அடையாளம் காணவில்லை. கேமரா கார்டுகளை அதுவரை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அன்று மாலையே, இனி கோப்புகள் படியேறக் கூடாது, கம்பி வழியாகத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு மணி நேர வேலை என்று நினைத்தது முடியப் பதினொரு நாட்கள் ஆயின.

கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். முகூர்த்தக்கால் நடுவதில் தொடங்கி, இணைச்சீர், மங்கல வாழ்த்து, தாலி கட்டு, பந்தி என மூன்று கேமராக்களில் பதிவாவது ஒரு கல்யாணத்துக்குச் சுமார் 120 ஜிபி வரும். கீழ்வீட்டில் உள்ள பழைய கணினியில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டுக் கிடங்காக வைத்திருக்கிறேன். எடிட்டிங் கணினி மாடியறையில் இருக்கிறது. மகளின் லேப்டாப் எந்த நேரத்தில் எந்த மாடியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கீழே இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டி உண்டு; அதன் வைஃபை மாடிக்கு எட்டாததால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சாதாரண ரௌட்டரை வாங்கி, கீழிருந்து ஒரு கேபிள் இழுத்து மாடியில் மாட்டியிருந்தேன். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. பெயர் ஒன்றாக இருந்ததால் வலையமைப்பும் ஒன்றுதான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் பட்ட பாட்டில் பாதி இந்த நம்பிக்கையால் வந்தது.

முதல் நாள் கிடங்குக் கணினியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டு மாடிக்குப் போய் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்தேன். மாடிக் கணினியைத் தவிர அங்கே எதுவும் தெரியவில்லை. சரி, பிங் செய்து (அந்தக் கணினி பதில் தருகிறதா என்று கேட்டு) பார்க்கலாம் என்று கருப்புத் திரையில் கீழ்க்கணினியின் எண்ணை அடித்தேன். மூன்று மில்லிநொடியில் பதில் வந்தது. கீழே இறங்கி, அங்கிருந்து மாடிக் கணினியை பிங் செய்தேன். நான்கு முறையும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றே வந்தது. மேலிருந்து கீழே வழி இருக்கிறது, கீழிருந்து மேலே இல்லை. ஆகவே மாடிக் கணினியில் வெளி இணைப்புகளை மறிக்கும் காவலான ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று தீர்மானித்து அதை முழுவதுமாக அணைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஆன்டிவைரஸை நீக்கினேன், அப்போதும் மாறவில்லை. விண்டோஸையே புதிதாகப் போடலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்னோடு கேமரா பிடிக்கும் தம்பி, நான் ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம் குறித்து வைத்திருந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒண்ணுல சைபர் இருக்குது, இன்னொண்ணுல ஒண்ணு இருக்குதுங்ணா. அது பரவால்லீங்களா?" என்று கேட்டான்.

அந்த உறையில் மாடிக் கணினிக்கு 192.168.0.103 என்றும், கிடங்குக் கணினிக்கு 192.168.1.34 என்றும் எழுதியிருந்தேன். இரண்டையும் நானே என் கையால் எழுதியும் அந்த வேறுபாடு என் கண்ணில் படவில்லை.

ஐபி முகவரி என்பது 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்கள். எத்தனை எண்கள் தெருவைக் குறிக்கின்றன, எத்தனை வீட்டைக் குறிக்கின்றன என்பதை அதற்கு அடுத்த வரியில் இருக்கும் சப்நெட் மாஸ்க் சொல்கிறது. வீட்டு ரௌட்டர்களில் அது பெரும்பாலும் 255.255.255.0 என்றிருக்கும், அதாவது முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் கதவு எண். என் வீட்டில் மாடி 0 ஆம் தெருவிலும் கீழ்வீடு 1 ஆம் தெருவிலும் இருந்தன. மாடி ரௌட்டர் கீழ்ப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு முகவரியை வாங்கிக்கொண்டு, தன் பின்னால் இருப்பவர்களுக்கு 192.168.0 என்று தொடங்கும் எண்களைத் தானே வழங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து போகும் பேச்சை அது தன் பேச்சாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது, கீழிருந்து 192.168.0.103 என்று கேட்டாலோ, ஃபைபர் பெட்டிக்கு அப்படியொரு தெரு இருப்பதே தெரியாததால், அது கேள்வியை வெளியே இணையத்தின் பக்கம் தள்ளிவிட்டது. அது அங்கேயே தொலைந்தது. ஃபயர்வாலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அன்றிரவே அதை மீண்டும் போட்டுவிட்டேன்.

இங்கே ஓர் ஐயம் எழும். 192.168.1.34 என்ற இதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்குமே, குழப்பம் வராதா? கொங்கு நாட்டில் புதுப்பாளையம் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. அந்தந்த வட்டாரத்துக்குள் பேசும்போது யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அதுபோல 192.168 என்று தொடங்கும் எண்களும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையுள்ளவையும் வீடு, அலுவலகங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணத்தில் இந்த ஒதுக்கீடு இருக்கிறது. வெளி இணையத்தில் இந்த எண்களுக்கு வழி கிடையாது.

மேலிருந்து கீழே போக வழி இருந்ததால், மாடிக் கணினியிலிருந்து மட்டும் கிடங்கைத் திறப்பது என்று அப்படியே விட்டிருந்தாலும் வேலை நடந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மகளின் லேப்டாப் மாடியில் ஒரு தெருவும் கீழே ஒரு தெருவுமாக மாறிக்கொண்டே இருந்தது. முடிந்த ஆல்பம் படங்களைக் கீழிருந்து எடுக்கவும் வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே தெருவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்தது தவறு. மாடிக் கணினியின் முகவரியைக் கையால் 192.168.1.50 என்று மாற்றினேன். கணினி மாடி ரௌட்டரின் வைஃபையில்தான் இருந்தது. அந்த ரௌட்டர் 0 ஆம் தெருவில் உட்கார்ந்திருக்க, கணினி மட்டும் தன்னை 1 ஆம் தெரு என்று சொல்லிக்கொண்டால் யார் கேட்பார்கள்? கிடங்கும் போயிற்று, இணையமும் போயிற்று.

சரியான வழி, மாடி ரௌட்டரை வெறும் வைஃபை பரப்பும் கருவியாக மாற்றுவது. புதிய ரௌட்டர்களில் அதற்கு 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரே பொத்தான் இருக்கும். என்னுடைய பழைய ரௌட்டரில் அது இல்லாததால் மூன்று காரியங்களைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. ரௌட்டரின் சொந்த முகவரியை 192.168.0.1 என்பதிலிருந்து 192.168.1.2 என மாற்ற வேண்டும். முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்த வேண்டும். கீழிருந்து வரும் கேபிளை 'வான்' (வெளி இணைப்புக்கானது) என்று எழுதிய துளையிலிருந்து பிடுங்கி, மற்ற நான்கு 'லேன்' (வீட்டுக் கருவிகளுக்கானவை) துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். நான் டிஎச்சிபியை முதலில் நிறுத்திச் சேமித்தேன். ரௌட்டர் அணைந்து எரிந்ததும் மாடிக் கணினிக்கு முகவரி கொடுக்க ஆளில்லை. கணினியின் முகவரியைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை அடித்துப் பார்த்தால் 169.254.87.12 என்று முன்பின் பார்த்திராத எண் ஒன்று நின்றது. முகவரி கேட்டு யாரும் பதில் சொல்லாதபோது விண்டோஸ் தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், அந்தக் கணினிக்கு யாரும் முகவரி தரவில்லை என்றே பொருள் கொள்ள வேண்டும். பிரௌசரில் திறக்கும் ரௌட்டரின் அமைப்புப் பக்கமும் திறக்கவில்லை. 40 நிமிடம் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்த பிறகுதான், கணினிக்குக் கையால் 192.168.0.10 என்று கொடுத்தால் அதே தெருவில் நின்று ரௌட்டரின் கதவைத் தட்டலாமே என்று தோன்றியது. திறந்தது. ரௌட்டரின் முகவரியை மாற்றினேன், கேபிளை இடம் மாற்றினேன், கணினியைப் பழையபடி 'தானாகப் பெறு' என்பதற்கு விட்டேன். இரண்டு நிமிடத்தில் அதற்கு 192.168.1.41 என்ற முகவரி கீழ்ப் பெட்டியிலிருந்து வந்து சேர்ந்தது. மாடியும் கீழ்வீடும் ஒரே தெருவுக்கு வந்தன.

அடுத்தது பகிர்வு. மாடிக் கணினியில் அந்த இணைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தது. அதை 'பிரைவேட்' என்று மாற்றாத வரை ஃபயர்வால் பிங்குக்குக்கூடப் பதில் சொல்ல விடவில்லை. அதன் பிறகு மாடியில் \\192.168.1.34 என்று அடித்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. நான் தினமும் கணினியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணை அடித்தேன், மறுத்தது. நான்கு முறை மறுத்தது. அந்தப் பின் எண் அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் உரியது, வலையமைப்பு வழியாக அது செல்லாது என்பது எனக்குத் தெரியாது. கிடங்குக் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, அதற்கு முழுக் கடவுச்சொல் வைத்தேன், உள்ளே விட்டது. ஆனால் படிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. ஃபோல்டரின் பண்புகளில் 'ஷேரிங்' பக்கத்தில் ஓர் அனுமதி, 'செக்யூரிட்டி' பக்கத்தில் ஓர் அனுமதி என்று இரண்டு இருக்கின்றன. இரண்டில் எது கஞ்சத்தனமானதோ அதுதான் நடப்புக்கு வரும். இரண்டு பக்கத்திலும் அந்தத் தனிக் கணக்குக்கு எழுதும் அனுமதி கொடுத்த பின், மாடியில் அந்த ஃபோல்டரை இசட் டிரைவாகப் பொருத்தினேன்.

ஆறு நாட்கள் எல்லாம் சுமுகமாக நடந்தன. ஏழாம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. கிடங்குக் கணினியின் முகவரி 192.168.1.37 ஆகியிருந்தது. டிஎச்சிபி தரும் முகவரி சொந்த வீடல்ல, வாடகை வீடு. மின்சாரம் வந்ததும் ஃபைபர் பெட்டி எழுந்தது; நாங்கள் அனைவரும் வைத்திருந்த கைபேசிகள் உடனே ஒட்டிக்கொண்டன; பழைய கணினி மெதுவாக விழிப்பதற்குள், பழைய கணக்கை மறந்துவிட்ட பெட்டி 34 ஐ வேறொரு கைபேசிக்குக் கொடுத்துவிட்டது.

அதே வாரத்தில் இன்னொரு விசித்திரமும் நடந்துகொண்டிருந்தது. டிவி ஓடும்போதெல்லாம் மாடி ரௌட்டரின் பக்கம் திறக்கவில்லை. டிவியை அணைத்தால் திறந்தது. நான் ரௌட்டருக்குச் சூட்டிய 192.168.1.2 என்ற எண்ணை ஃபைபர் பெட்டி முன்பே டிவிக்கு வழங்கியிருந்தது. ஏனென்றால் அது வழங்கும் எண்களின் வரம்பு 2 முதல் 254 வரை என்றிருந்தது. அந்த வரம்புக்குள் நானாக ஓர் எண்ணை எடுத்துக்கொண்டதை அதற்கு யார் சொன்னார்கள்? இரண்டு சிக்கலுக்கும் மருந்து ஒன்றுதான். ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் டிஎச்சிபி வரம்பை 100 முதல் 199 வரை என்று சுருக்கினேன். 2 முதல் 99 வரை என் கையிருப்பு. பிறகு கிடங்குக் கணினிக்கு எப்போதும் 192.168.1.120 தான் தர வேண்டும் என்று பெட்டியிலேயே ஒதுக்கீடு செய்தேன். என் பெட்டி வரம்புக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே ஒதுக்க விட்டது, அதனால்தான் 120. கணினியில் கையால் நிலையான முகவரியை எழுதுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது; எல்லா எண்களும் ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஒதுக்கீட்டுக்கு மேக் முகவரி வேண்டும். அது கருவியோடு பிறந்த 12 இலக்க அடையாளம். இதிலும் ஒரு முறை சறுக்கினேன். கணினிக்கு ஒரு மேக் முகவரி என்று நினைத்து முதலில் கண்ணில் பட்டதை எழுதினேன். அது வைஃபைக்குரியது, கணினியோ கேபிளில் கட்டப்பட்டிருந்தது. வைஃபைக்கு ஒன்று, கேபிள் துளைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. கைபேசிகள் வைஃபையில் அடையாளத்தை மறைக்கத் தற்காலிக மேக் முகவரியைக் காட்டுவதால், அவற்றுக்கு ஒதுக்கீடு செய்ய வேண்டுமானால் அந்த வசதியை வீட்டு வைஃபைக்கு மட்டும் அணைக்க வேண்டும். நான் கைபேசிகளை விட்டுவிட்டேன்.

முகவரித் தொல்லை தீர்ந்ததும் வேகம் கண்ணை உறுத்தத் தொடங்கியது. மாடிக் கணினி வைஃபையில் இருந்தது; நொடிக்கு 6 எம்பி. அந்தக் கணக்கில் ஒரு கல்யாணம் மாடியேற ஐந்தரை மணி நேரம் ஆகும். ஈரோடு மேட்டூர் ரோட்டுக் கடை ஒன்றில் கேட்-6 நெட்வொர்க் கேபிள் 20 மீட்டர், மீட்டர் 25 ரூபாய் வீதம் 500. கேபிள் நுனியில் மாட்டும் ஆர்ஜே-45 முனைகள் பத்து 100. முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி 450. எட்டு விளக்கு வைத்த கேபிள் டெஸ்டர் 250. மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது, ஆனால் மின்கம்பியோடு இது சேர்ந்து போகக் கூடாது. வீட்டில் கிடந்த முக்கால் அங்குல பிவிசி குழாயைத் தனியாக ஓட்டினேன். கீழே ஃபைபர் பெட்டியிலிருந்து மாடிக் கணினி வரை வளைவு நெளிவோடு 18 மீட்டர் ஓடியது.

கேபிளின் மேலுறையை ஓர் அங்குலம் சீவினால் நான்கு முறுக்கு இணைகள் இருக்கும். அவற்றைப் பிரித்து, கட்டைவிரலால் நீவி நேராக்கி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று வரிசைப்படுத்தி, நுனிகளை ஒரே மட்டமாக வெட்டி, முனைக்குள் கடைசி வரை தள்ளிய பிறகுதான் அழுத்த வேண்டும். பச்சை இணையின் நடுவே நீல இணை புகுந்துகொள்வதால் கை எப்போதும் அங்கேதான் தடுமாறும். என் முதல் முனையில் நிறங்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கணினி 100 எம்பிபிஎஸ் என்றே காட்டியது. டெஸ்டரில் ஏழாவது விளக்கு எரியவில்லை. வெள்ளை-பழுப்புக் கம்பி அரை மில்லிமீட்டர் குட்டையாக நின்று, தகட்டைத் தொடாமல் இருந்தது. 100க்கு இரண்டு இணைகள் போதும், ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) நான்கும் வேண்டும். அதனால் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் பத்தில் ஒன்றாக மெலிந்திருந்தது. முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட்டேன். எட்டு விளக்குகளும் எரிந்தன; மாடிக் கணினி ஒரு ஜிகாபிட் என்று காட்டியது.

ஆனால் கோப்பு இன்னும் நொடிக்கு 11 எம்பியில்தான் ஓடியது. மூன்றாவது முறையாகக் கேபிள் முனையை வெட்டக் கையெடுத்துவிட்டேன். 11 என்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பின் கையெழுத்து (எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எம்பி என்பது மெகாபைட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, அதில் கொஞ்சம் தேய்மானம்) என்பது நினைவுக்கு வந்ததால், கீழே போய்க் கிடங்குக் கணினியின் இணைப்பைப் பார்த்தேன். அங்கே 100 என்றிருந்தது. ஃபைபர் பெட்டியில் நான்கு துளைகள் இருந்தாலும் முதல் துளை மட்டுமே ஜிகாபிட். அதில் புது கேபிளைச் செருகியிருந்தேன். கிடங்கு இரண்டாவது துளையில் இருந்தது. கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஐந்து துளை ஜிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை 1,150 ரூபாய்க்கு வாங்கி, ஃபைபர் பெட்டியின் முதல் துளையை ஸ்விட்சோடு இணைத்து, கிடங்கையும் மாடி கேபிளையும் அந்த ஸ்விட்சிலேயே செருகினேன். இப்போது இரண்டு கணினிகளுக்கும் நடுவே போகும் கோப்புகள் ஃபைபர் பெட்டியைத் தொடுவதே இல்லை. வேகம் 105 எம்பி. ஒரு கல்யாணம் 19 நிமிடத்தில் மாடியேறுகிறது.

மொத்தச் செலவு 2,450 ரூபாய். உடைந்த ஹார்ட் டிஸ்கைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி செய்ய நேர்ந்தால், எதையும் தொடுவதற்கு முன் எல்லாக் கருவிகளிலும் முகவரியைப் பார்த்து, முதல் மூன்று எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தாளில் எழுதுவேன். ஃபயர்வாலில் தொலைத்த ஒரு மாலைப் பொழுது மிச்சமாகியிருக்கும். ஸ்விட்சை முதல் பயணத்திலேயே வாங்குவேன், ஈரோட்டுக்கு இரண்டு முறை வண்டி ஓட்டியிருக்க வேண்டாம். சென்ற வாரம் 90 ஜிபி நகல் ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனது. இரண்டு கணினிகளும் யுபிஎஸ் தயவில் உயிரோடிருக்க, நடுவில் உள்ள ஸ்விட்ச் மட்டும் அணைந்து நகல் அறுந்தது. அதற்கும் ஒரு குட்டி யுபிஎஸ் வாங்க வேண்டும். மாடிக்கு இரண்டாவது கேபிள் ஒன்றையும் சேர்த்தே இழுத்திருக்கலாம். அதற்காகக் குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரு முனைகளிலும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.